கோட்டுக்குத் திசை உண்டு

சென்ற ஆண்டு நண்பர் ஒருவரின் கவிதைத் தொகுப்புக்கு அட்டை வடிவமைத்துத் தரும் பொறுப்பை ஏற்றுக்கொண்டேன். தொழில்முறை வடிவமைப்பாளன் அல்லன் நான். கணினியில் படங்களோடு மல்லுக்கட்டுவது பல வருடப் பழக்கம், அவ்வளவுதான். கவிஞருக்கு ஓர் ஆசை இருந்தது. அவருடைய முதல் கவிதைகள் வெளிவந்த சிற்றிதழில் கோட்டோவியங்கள் வரைந்துவந்த ஓவியர் ஒருவரின் சாயல் அட்டையில் இருக்க வேண்டும் என்றார். ஓவியர் இப்போது இல்லை. பெயரைச் சொன்னால் இங்கே வாசிக்கிறவர்களில் சிலருக்காவது தெரிந்திருக்கும். ஆனால் நடந்தது என் பிழை என்பதால் அவர் பெயரை இதில் இழுக்க விரும்பவில்லை.

பழைய இதழ் ஒன்றை ஸ்கேன் செய்தேன். அதில் ஓவியத்தின் ஓரமாக ஒரே இழுப்பில் போட்ட கோடு ஒன்று இருந்தது. மேலே இடப்பக்கத்தில் தடித்துத் தொடங்கி, நடுவில் சற்றே தயங்கி, கீழே போகப்போக மை வற்றி நாலைந்து இழைகளாகப் பிரிந்து முடிகிற கோடு. அதை மட்டும் வெட்டியெடுத்து ஃபோட்டோஷாப்பில் தூரிகையாக மாற்றினேன். அந்தத் தூரிகையால் அட்டை முழுவதும் இழுத்தேன். சில நிமிடங்களில் நூற்றுக்கணக்கான கோடுகள். காற்றில் அலையும் கோரைப்புற்கள்போல இருந்தது. கவிஞருக்குப் பிடித்திருந்தது, எனக்கும்தான். அனுமதி கேட்கும் முறையில் ஓவியரின் மகளுக்கு அட்டையை அனுப்பிவைத்தேன்.

இரண்டு நாள் கழித்துத் தொலைபேசியில் அழைத்தார். "அண்ணா, இது அப்பா போட்ட கோடுதான், பாத்ததுமே தெரியுது. ஆனா அப்பா கை இந்தப் பக்கம் திரும்பாது" என்றார்.

எனக்கு முதலில் விளங்கவில்லை. அட்டையைத் திறந்துவைத்துப் பார்த்தபோது விளங்கியது. கோடுகள் ஒரே மாதிரி இருக்கக்கூடாது என்பதற்காகத் தூரிகையின் கோணம் தானாக மாறிக்கொண்டே இருக்கும்படி அமைத்திருந்தேன். அதனால் பாதிக் கோடுகள் தலைகீழாகவும் இடவலம் மாறியும் விழுந்திருந்தன. மை வற்றிய நுனி மேலேயும் தடித்த தொடக்கம் கீழேயுமாக. எந்தக் கோடும் அப்படி வற்றிய இடத்தில் தொடங்கி நிறைந்த இடத்தில் முடியாது. வலது கைக்காரர் ஒருவரின் மணிக்கட்டு அப்படி வளையவும் வளையாது. இறந்துபோனவரின் கையைப் பிடித்து அவர் செய்யாத ஒன்றைச் செய்யவைத்திருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது.

அன்றிலிருந்து இந்த விஷயத்தைப் பற்றி யோசித்துக்கொண்டிருக்கிறேன். இலக்கிய வாசகர்களுக்கு இதில் என்ன இருக்கிறது என்று சிலர் கேட்கலாம். நம் புத்தக அட்டைகளில் பெரும்பாலானவை இன்று இந்த மென்பொருள்களில்தான் உருவாகின்றன. தவிரவும், ஒருவருடைய நடையை இன்னொருவர் கைக்கொள்வது பற்றிய கேள்வி எழுத்தில் நமக்குப் பழகிய கேள்விதானே.

*

படக்கோப்பு ஒன்று தூரிகையாகும்போது என்ன நடக்கிறது என்பதைச் சற்று விளக்கமாகவே பார்க்கலாம். என் வாதம் இதில்தான் இருக்கிறது.

ஃபோட்டோஷாப்பில் ஒரு படத்தின் பகுதியைத் தேர்ந்து, 'டிஃபைன் பிரஷ் பிரீசெட்' என்ற கட்டளையைக் கொடுத்தால் அது தூரிகையாகிவிடும். பழைய பதிப்புகளில் நீள அகலம் 2500 பிக்சலைத் தாண்டக்கூடாது என்று ஓர் எல்லை இருந்தது. மாற்றத்தின் முதல் பலி நிறம். மென்பொருள் எடுத்துக்கொள்வது கருமையின் அளவை மட்டுமே. கறுப்பு இருக்கும் இடத்தில் மை முழுமையாகப் பதியும். வெள்ளை இருக்கும் இடத்தில் பதியாது. இடைப்பட்ட சாம்பல் அதனதன் அளவுக்கு மங்கலாகப் பதியும். சிவப்பு ரோஜாவைத் தூரிகையாக்கினால் கிடைப்பது ரோஜா வடிவ நிழல். அதற்கு எந்த நிறத்தையும் பூசிக்கொள்ளலாம்.

புதிதாகச் செய்கிறவர்கள் இடறும் இடம் ஒன்று உண்டு. பழைய தாளை ஸ்கேன் செய்தால் அதன் பழுப்பு சாம்பலாக மாறித் தூரிகையோடு ஒட்டிக்கொண்டு வரும். இழுக்குமிடமெல்லாம் கோட்டைச் சுற்றி மங்கலான சதுரம் ஒன்றும் விழும். ஆகவே முதலில் பின்னணியைச் சுத்த வெள்ளையாக்கிக்கொள்ள வேண்டும். 'லெவல்ஸ்' கருவியில் வெள்ளை முனையை உள்ளே தள்ளினால் தாள் மறைந்து மை மட்டும் நிற்கும். நானும் அப்படித்தான் செய்தேன். தாளின் நார், அச்சில் பரவிய மை, பின்பக்கத்திலிருந்து ஊடுருவித் தெரிந்த எழுத்து எல்லாம் ஓர் இழுப்பில் போயின.

அடுத்தது முக்கியமானது. கணினியின் தூரிகை தூரிகையே அன்று, அது முத்திரை. நாம் இழுக்கும்போது அது வழுக்கிக்கொண்டு போவதாகக் கண்ணுக்குத் தெரிகிறது. உண்மையில் ஒரே வடிவத்தை அடுத்தடுத்துக் குத்திக்கொண்டு போகிறது. குத்துக்கும் குத்துக்கும் உள்ள இடைவெளி வழக்கமாகத் தூரிகையின் அகலத்தில் 25 சதவீதம். அதைக் குறைத்தால் குத்துகள் ஒன்றோடொன்று கலந்து கோடாகும். கூட்டினால் தனித்தனி முத்திரைகளாகப் பிரிந்து நிற்கும்.

ஒரே முத்திரை திரும்பத்திரும்ப விழுந்தால் கண் உடனே கண்டுபிடித்துவிடும். அதை மறைப்பதற்கென்றே 2002இல் வந்த ஃபோட்டோஷாப் 7 பல வசதிகளைக் கொண்டுவந்தது. குத்துக்குக் குத்து அளவை மாற்றலாம், கோணத்தைத் திருப்பலாம், பக்கவாட்டில் சிதறவிடலாம். தற்செயலைக் கணக்குப்போட்டுத் தரும் ஏற்பாடு இது. நான் சிக்கிக்கொண்டதும் இங்கேதான்.

இலவச மென்பொருளான கிம்ப்பில் வழி இன்னும் சுலபம். எதையாவது தேர்ந்து நகலெடுத்தால் போதும், தூரிகைப் பட்டியலில் அதுவே ஒரு தூரிகையாக வந்து உட்கார்ந்துவிடும். அங்கே நிறத்தோடு கூடிய தூரிகையும் சாத்தியம். குடைமிளகாய் ஒன்றைத் தூரிகையாக்கி மென்பொருளோடு சேர்த்தே கொடுத்திருந்தார்கள். அதை இழுத்தால் திரை முழுக்கக் குடைமிளகாய் கொட்டும். விளையாட்டுக்காகச் செய்ததாகத்தான் இருக்க வேண்டும். ஆனால் நான் பார்த்தவற்றில் நேர்மையான தூரிகை அதுதான் என்று இப்போது தோன்றுகிறது. தான் ஒரு முத்திரை என்பதை அது எந்த இடத்திலும் மறைப்பதில்லை.

*

இந்த இடத்தில் எட்வர்ட் மூங்கைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். 'அலறல்' வரைந்த நார்வே ஓவியர். 1944இல் இறந்தபோது தன்னிடமிருந்த படைப்புகளையெல்லாம் ஆஸ்லோ நகரத்துக்கு எழுதிவைத்துவிட்டுப் போனார். அவற்றுக்காக 1963இல் திறக்கப்பட்டு, 2021இல் புதிய கட்டடத்துக்கு இடம்பெயர்ந்ததுதான் மூங்க் அருங்காட்சியகம். அவர் பயன்படுத்திய தூரிகைகளும் அங்கே இருக்கின்றன.

2017இல் அடோபி நிறுவனம் அந்த அருங்காட்சியகத்தோடு சேர்ந்து அவற்றில் ஏழு தூரிகைகளைக் கணினிக்குக் கொண்டுவந்தது. நூறாண்டுக்கு மேல் பழமையானவை. மிக நுணுக்கமாகப் படமெடுத்து, மயிர்க்கற்றையின் வடிவையும் வளையும் விதத்தையும் ஆராய்ந்து, கைல் டி. வெப்ஸ்டர் என்ற அமெரிக்க ஓவியர் ஃபோட்டோஷாப் தூரிகைகளாக அவற்றை உருவாக்கினார். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று அறிவிக்கப்பட்டது. மூங்கின் தூரிகை இனி உங்கள் கையில் என்கிற தொனியில் விளம்பரங்கள் வந்தன.

அப்போது இதைப் பலரும் கொண்டாடினார்கள்; சிலர் புனிதம் கெட்டதாக முகம் சுளித்தார்கள். இரு தரப்பும் தவறான இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தன என்பது என் எண்ணம்.

மூங்கின் ஓவியத்தில் தூரிகையின் பங்கு எவ்வளவு? 1893ஆம் ஆண்டின் 'அலறல்' சாதாரண அட்டையில் வரையப்பட்டது. எண்ணெய் வண்ணம், டெம்பரா, பாஸ்டல் மூன்றும் அதில் கலந்திருக்கின்றன. பல இடங்களில் அட்டை அப்படியே வெறுமையாகத் தெரிகிறது. அதன்மேல் வெள்ளைத் தெறிப்பு ஒன்று உண்டு. பறவை எச்சம் என்றே நெடுங்காலம் நம்பப்பட்டது. 2016இல் பெல்ஜியத்தின் ஆண்ட்வெர்ப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அது மெழுகு என்று கண்டறிந்தார்கள். எச்சம் என்று நம்பியதற்கும் காரணம் இருந்தது. மூங்க் தன் ஓவியங்களைத் திறந்தவெளியில் வெயிலிலும் பனியிலும் கிடக்கவிடும் பழக்கம் உள்ளவர். பிழைத்தால் பிழைக்கட்டும் என்கிற வைத்தியம். அட்டையின் உறிஞ்சல், ஈரம், சிந்திய மெழுகு, கடந்துபோன பருவங்கள் எல்லாம் சேர்ந்ததுதான் அந்தப் பரப்பு. ஏழு தூரிகைகளில் இவை எதுவும் வராது. வரும் என்று எதிர்பார்ப்பதும் நியாயமில்லை. மூங்கும் கடையில் வாங்கிய தூரிகையால்தான் வரைந்திருப்பார். அதே ரகத்தை வாங்கிச்சென்ற எவரும் 'அலறல்' வரைந்துவிடவில்லை. ஆகவே அடோபி செய்ததால் எதுவும் களங்கப்படவில்லை, எதுவும் உயிர்த்தெழவும் இல்லை. நல்ல தூரிகைகள் ஏழு, ஒரு பெரிய பெயரோடு கிடைத்தன.

இதைவிட எனக்குச் சுவாரசியமானது மூங்கின் வேறொரு பக்கம். அவர் மரச்செதுக்குக் கலைஞரும்கூட. பலகையைச் செதுக்கி மையிட்டுத் தாளில் ஒற்றுவது. பல வண்ணம் வேண்டுமென்றால் வண்ணத்துக்கொரு பலகை செதுக்குவது வழக்கம். மூங்க் வேறு வழி கண்டார். ஒரே பலகையை வளைவாள் கொண்டு துண்டுகளாக அறுத்து, துண்டுக்கொரு வண்ணமாக மையிட்டு, சிறுவர்களின் வெட்டுப்படம்போல மீண்டும் பொருத்தி ஒரே தடவையில் அச்சிட்டார். 'முத்தம்' என்ற படத்தின் 1902ஆம் ஆண்டு வடிவத்தில் இன்னொன்றும் நிகழ்கிறது. அணைத்து நிற்கும் இருவரின் உருவைச் சுற்றிச் செதுக்கப்படாத பலகை ஒன்றின் ரேகைகள் அப்படியே ஒற்றப்பட்டிருக்கின்றன. மரத்தின் ஆண்டு வளையங்களே வானமாகவும் மழையாகவும் ஆகிவிடுகின்றன.

இதைத்தானே நாம் ஃபோட்டோஷாப்பில் செய்கிறோம்? உலகில் கிடக்கும் ஒரு பொருளின் மேனியை எடுத்து முத்திரையாக்கிப் படத்தில் பதிப்பது. மாக்ஸ் எர்ன்ஸ்ட் 1925இல் தரைப்பலகைகளின் மேல் தாளை விரித்துப் பென்சிலால் தேய்த்து ரேகைகளை எடுத்ததும், அந்த வழியில் உருவான படங்களை அடுத்த ஆண்டு தொகுப்பாக வெளியிட்டதும் இதே குலம்தான். நாணயத்தின் மேல் தாளை வைத்துத் தேய்த்த நம் பள்ளிக்கூட விளையாட்டும் அதுதான். படக்கோப்பைத் தூரிகையாக்குவது ஏதோ கணினி பெற்ற குறுக்குவழி என்று ஏளனம் செய்கிறவர்களுக்கு இந்த வம்சாவளி தெரிந்திருப்பது நல்லது.

*

ஆனால் மூங்கும் எர்ன்ஸ்டும் எடுத்துக்கொண்டது மரத்தின் ரேகையை. நான் எடுத்துக்கொண்டது ஒரு மனிதரின் ரேகையை. வித்தியாசம் இங்கேதான்.

தூரிகையாகும் படங்களை மூன்று வகையாகப் பிரித்துப் பார்க்கலாம் என்று நினைக்கிறேன். முதலாவது, பொருளின் படம்: இலை, துரு, சுவர் வெடிப்பு, சாக்குத்துணி. இதில் எந்தத் தடையும் இல்லை. இந்தக் கலையின் செழிப்பான பகுதியும் இதுவே. இரண்டாவது, கருவியின் படம்: மூங்கின் மயிர்த்தூரிகைகள்போல. தேய்ந்த கருவியில் அதைப் பிடித்த கையின் பழக்கம் கொஞ்சம் இருக்கும். குழவியில் அரைத்தவளின் சாய்வு தங்கியிருப்பதுபோல. இருந்தாலும் அது கருவிதான், புதிய கை அதைப் புதிதாகத்தான் பிடித்தாக வேண்டும். மூன்றாவது, தடத்தின் படம்: ஒருவர் ஏற்கெனவே போட்டு முடித்த கோடு. அதில் கருவி, கை, வேகம், தயக்கம் எல்லாம் உறைந்து முடிந்துவிட்டன. அதை முத்திரையாக்குவது ஒருவரின் கையெழுத்தை ரப்பர் ஸ்டாம்பாகச் செய்துகொள்வதற்குச் சமம். ஸ்டாம்பு செய்யக்கூடாது என்றில்லை. அலுவலகங்கள் பலவற்றில் ஸ்டாம்பு இருக்கிறது. ஆனால் அது யாருடைய மேசையில், யாருடைய சம்மதத்தோடு இருக்கிறது என்ற கேள்வி உண்டு.

பிறர் கோட்டைக் கற்பது தொன்றுதொட்டு நடப்பதுதானே என்று ஒரு மறுப்பு வரும். நியாயமான மறுப்பு. சீனத்தில் 1679இல் முதல் பகுதி வெளிவந்த 'கடுகு விதைத் தோட்டக் கையேடு' அப்படியொரு களஞ்சியம். பாறைக்கு, மலைக்கு, மரத்துக்கு என்று முன்னோடிகளின் தூரிகை வீச்சுகள் அதில் வகைவகையாகத் தொகுக்கப்பட்டிருக்கின்றன. சணல் நார் பிரிந்தது போன்ற வீச்சு, கோடரியால் வெட்டியது போன்ற வீச்சு என்று மரபு அவற்றுக்குப் பெயரும் வைத்திருக்கிறது. இன்றைய தூரிகைத் தொகுப்புகளின் பாட்டன் என்றே சொல்லலாம். பல தலைமுறை ஓவியர்கள் அதைப் பார்த்துப் பயின்றார்கள். ஆனால் புத்தகத்திலிருந்து மாணவனின் தாளுக்கு வீச்சு தானாக இறங்கி வராது. அவன் மணிக்கட்டு ஆயிரம் முறை தோற்றாக வேண்டும். தோற்கத்தோற்க முன்னோடியின் வீச்சு அவனுடையதாக மாறும். ஏதோ ஓர் இடத்தில் பிசகும். அந்தப் பிசகுதான் அவன். நான் செய்ததில் தோல்விக்கு இடமே இல்லை. முதல் குத்திலேயே கோடு கச்சிதமாக விழுந்தது. கற்றுக்கொண்டது ஒன்றுமில்லை.

எழுத்திலும் இதுவேதான். ஒரு முன்னோடியின் வாக்கியத்தை உள்வாங்கி எழுதுகிறவனுக்கும், அவருடைய சொல்லாட்சிகளை வெட்டி ஒட்டுகிறவனுக்கும் உள்ள தூரத்தை நாம் எளிதில் உணர்ந்துவிடுகிறோம். இரண்டாமவனின் பக்கத்தில் சொற்கள் சரியாக இருக்கும். அவை வந்த வழி மட்டும் தப்பாக இருக்கும்.

சில வார்த்தைகளைத் தட்டினால் ஒரு கலைஞரின் பாணியிலேயே முழுப் படத்தையும் செய்து தரும் இயந்திரங்கள் 2022 முதல் பரவலாகிவிட்ட நிலையில் ஒற்றைக் கோட்டுக்கு இவ்வளவு கவலையா என்று தோன்றலாம். எனக்கு அது எதிர்ப்பக்கமாகப் படுகிறது. அங்கே யாருடைய எந்தக் கோடு எங்கே போயிற்று என்று எவராலும் சுட்டிக்காட்ட முடியாது. இங்கே முடிந்தது. ஒரு மகள் அட்டையைப் பார்த்துத் தன் தகப்பனின் கோடு எது, கை திரும்பாத இடம் எது என்று விரல் வைத்துச் சொன்னார். பெரிய கேள்வியை இன்னமும் கையால் தொட்டுப் பார்க்கக்கூடிய அளவில் வைத்திருக்கிறது இந்தச் சின்னக் கருவி.

ஆகவே என் தரப்பு இது. தூரிகையை நீங்களே செய்துகொள்ளுங்கள். இணையத்தில் ஆயிரக்கணக்கில் இறைந்து கிடக்கும் தொகுப்புகளை இறக்கிக் குவித்துவைத்து, எல்லா அட்டையிலும் அதே மைத்தெறிப்பு, அதே கிழிந்த தாள், அதே பறவைக்கூட்டம் என்று போட்டுக்கொண்டிருக்கிறோம். வெவ்வேறு பதிப்பகங்களின் நூல்கள் ஒரே ஆள் வரைந்தவைபோல இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். உங்கள் வீட்டுச் சுவரில் வெடிப்பு இருக்கிறது. முற்றத்தில் சருகு கிடக்கிறது. உங்கள் கை போடும் கோணல் கோடும் இருக்கிறது. ஒரு நாள் செலவழித்தால் வேறு யாரிடமும் இல்லாத பத்துத் தூரிகைகள் கிடைக்கும். இன்னொருவரின் தடம்தான் வேண்டும் என்றால் கேட்டு வாங்குங்கள், பெயரைப் போடுங்கள். அந்தக் கோடு எங்கிருந்து எங்கே போயிற்று என்று ஒரு நிமிடம் பார்த்துவிட்டுப் பிறகு இழுங்கள்.

*

அட்டையை மாற்றினேன். அவருடைய கோட்டை ஒரே ஒருமுறை மட்டும், இதழில் இருந்தபடியே, பழுப்புத் தாளோடும் பின்பக்கத்து எழுத்தின் நிழலோடும் வைத்தேன். உள்ளே அவர் பெயர் இருக்கிறது. முந்தைய வடிவத்தின் கவர்ச்சி இதில் இல்லை என்று கவிஞருக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

புத்தகம் வந்தபின் மகளுக்கு ஒரு பிரதி அனுப்பினேன். நன்றி சொல்ல அழைத்தவர், பேச்சினிடையே சற்றுத் தயங்கிவிட்டுக் கேட்டார்: "அண்ணா, நீங்க செஞ்ச அந்த பிரஷ் இன்னும் இருக்கா? எனக்கு அனுப்ப முடியுமா? சும்மா வச்சுக்கத்தான்."

அழித்துவிடலாம் என்று நினைத்து அழிக்காமல் வைத்திருந்தேன். எடுத்து, கோணம் மாறும் அமைப்பையும் புரளும் அமைப்பையும் நீக்கிவிட்டு மறுபடி சேமித்தேன். இப்போது எப்படி இழுத்தாலும் அது மேலே இடப்பக்கத்தில் தொடங்கிக் கீழே வற்றி முடியும். அந்த வடிவத்தை அவருக்கு அனுப்பிவைத்தேன்.